முதல் வரிக்குச் சம்பளம்

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் போடும் விளம்பரப் பதிவின் முதல் வரிக்கு எங்கள் ஆபீசில் கொக்கி என்று பெயர். ஊரெல்லாம் ஹூக் என்று சொல்வதை எங்கள் ஓனர் அண்ணன் தமிழ்ப்படுத்திவிட்டார். நெல்லை வண்ணார்பேட்டையில் ஒரு மொபைல் கடைக்கு மேலே இரண்டு அறை, ஐந்து நாற்காலி, அதுதான் ஆபீஸ். காலையில் மாடிப்படி ஏறும்போதே, "கொக்கி போட்டாச்சாடே?" என்று குரல் வரும். மாடியில் கரண்டு திருடுகிறார்கள் என்று கீழ்க் கடைக்காரர் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

ஜவுளிக்கடை, ஸ்கேன் சென்டர், கருப்பட்டிக் கடை, குற்றாலத்து லாட்ஜ் என்று ஏழெட்டுப் பேருடைய ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை நாங்கள் நடத்துகிறோம். படம் எடுக்க ஒரு பையன், டிசைன் போட ஒரு பெண், எழுத நான். எழுதுவது முழுப் பதிவையும்தான். ஆனால் திட்டு வாங்குவதெல்லாம் முதல் வரிக்காகத்தான். இரண்டாவது வரியைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட என்னிடம் வாய் திறந்ததில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். பெரிய பக்கங்களில் பார்த்த முதல் வரிகளையெல்லாம் அதில் எழுதி வைப்பேன். "உங்களுக்குத் தெரியுமா?" "இதைப் பார்க்காமல் கடந்து போகாதீர்கள்." "99 சதவீதம் பேர் செய்யும் தவறு." "நெல்லை மக்களே, உஷார்!" வெள்ளிக்கிழமை ஸ்கேன் சென்டருக்குப் போட்டதைத் திங்கட்கிழமை பட்டுச்சேலைக்குப் போடலாம், சேலைக்கு ஏன் உஷார் என்று யாரும் கேட்கப்போவதில்லை. 'லைக் போடுங்க, நண்பரை டேக் பண்ணுங்க' என்று கெஞ்சும் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்திருந்தது. விஷயத்தை மறைத்து ஆவலைத் தூண்டும் தலைப்புகளுக்கு அதற்கும் முந்தின வருஷமே அப்படி ஓர் அறிவிப்பு வந்தது. அதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் எழுதினேன். மாதத்துக்கு 60 பதிவு என்றால் யோசிக்க எங்கே நேரம்?

அந்த நோட்டுக்கு முடிவு கட்டியது கருப்பட்டி.

டவுனில் அப்பா காலத்திலிருந்து கருப்பட்டி விற்கும் அண்ணாச்சி ஒருவர் எங்களிடம் வந்தார். பதநீர் இறங்கும் காலம் அது. உடன்குடிப் பக்கமிருந்து ஓலைப்பெட்டியில் சரக்கு வந்து இறங்கினால் கடை முழுக்க ஒரு வாசனை சுற்றும், காய்ச்சின பதநீரும் அடுப்புப் புகையும் சேர்ந்த வாசனை. அதில் பாதியாவது நான் எழுதியிருக்கலாம். நான் எழுதிய முதல் வரி இது: "நீங்கள் வாங்குவது கருப்பட்டியே இல்லை!" அதற்குக் கீழே, சீனி கலந்த சரக்கை அடையாளம் காண்பது எப்படி என்று நாலைந்து குறிப்பு. கடைசியில் கடை முகவரி.

அந்தப் பதிவு ஓடிய ஓட்டத்தை எங்கள் ஆபீஸ் அதுவரை பார்த்ததில்லை. அண்ணன் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சியிடமிருந்து போன். அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"தம்பி, நாப்பது வருசமா நம்மகிட்ட வாங்குத வாத்தியாரு ஒருத்தரு காலையில வந்தாரு. கட்டியை உடைச்சுப் பாத்துட்டு, 'இது நல்லதுதான அண்ணாச்சி?'ன்னு கேக்காரு. இந்த நாப்பது வருசத்துல அவரு அப்படிக் கேட்டதே இல்ல. கலப்படம்னு மேல எழுதி எங்கடைப் பேரைக் கீழ போட்டா, படிக்கவன் மனசுல ரெண்டும் பக்கத்துல பக்கத்துலல்லா உக்காருது?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதே தெருவில் இருக்கும் மற்ற வியாபாரிகளும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அந்த மாதத்தோடு அண்ணாச்சி கணக்கை முடித்துக்கொண்டார். கீழ்க் கடைக்காரர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. கொக்கி போட்டு இழுத்த கரண்டில் பல்பு என்னவோ பிரகாசமாகத்தான் எரிந்தது. ஃபியூஸ் போனது அண்ணாச்சி வீட்டில்.

நோட்டைத் தூக்கிப் போட்டபின் கொஞ்ச நாள் ஒன்றும் ஓடவில்லை. அப்போதுதான் ஒரு சின்னக் கணக்குப் பிடிபட்டது. இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவுக்கு 2,200 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் கண்ணில் படுவது ஏறக்குறைய முதல் 125 எழுத்துதான். மிச்சமெல்லாம் 'மேலும்' என்பதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். 125 தாராளம்தானே என்று தோன்றும். தமிழுக்குத் தாராளமில்லை. கம்ப்யூட்டரின் எழுத்துமுறையான யூனிகோடில் மெய்யெழுத்தின் புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. 'திருநெல்வேலி' என்பது நமக்கு ஆறு எழுத்து, கம்ப்யூட்டருக்குப் 12. விளம்பரக்காரர்கள் எதற்கெடுத்தாலும் போடும் 'பாரம்பரியமிக்க' நமக்கு 9, அதற்கு 14. அந்த ஒரு சொல்லை எடுத்தாலே இன்னொரு ஆள் உட்கார இடம் கிடைக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வினைச்சொல். நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வந்து உட்காரும். எங்கள் பழைய பதிவு ஒன்று இப்படித் தொடங்கியிருந்தது: "தாமிரபரணிக் கரையில் வளர்ந்த கோரையை வெட்டி, வெயிலில் காயவைத்து, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மயிரிழையாகக் கிழித்து," அவ்வளவுதான், அந்த இடத்தில் வெட்டு விழுந்துவிட்டது. கிழித்து என்ன செய்தார்கள் என்பது 'மேலும்' என்பதற்குப் பின்னால். வெட்டி, வைத்து, போட்டு, கிழித்து என்று எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போய் முற்று வருவதற்குள் ஆளைக் கோட்டை விட்டிருந்தேன்.

டீக்கடை வாசலில் தொங்கும் பேப்பர் போஸ்டர்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். சைக்கிளில் போகிறவன் காலை ஊன்றாமலே படித்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் வினைக்காக அவர்கள் காத்திருப்பதில்லை. 'கைது', 'பலி', 'பரபரப்பு' என்று ஒரு பெயர்ச்சொல்லைக் கொண்டுவந்து நிறுத்தினால் வரி முடிந்தது. 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் அன்றைய நெல்லை மாவட்டத்துக் காயாமொழிக்காரர். எளிய தமிழில் சுருக்கமாகத் தலைப்புப் போடுவதில் நம் பக்கத்துக்கு ஒரு பரம்பரைச் சொத்து உண்டு என்று அண்ணனிடம் அடிக்கடி பெருமை பேசுவேன். "பெருமை கெடக்கட்டும், லாட்ஜுக்கு என்ன எழுதுத?" என்பார்.

லாட்ஜ் குற்றாலத்தில் இருக்கிறது. 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. ஆனாலும் ஆனி பிறந்தால் நெல்லைக்காரன் வாய் குற்றாலத்தைத்தான் பேசும். சீசனுக்கு நான் எழுதி வைத்திருந்தது: "இயற்கை எழில் கொஞ்சும் மலைச்சாரலில் உங்கள் குடும்பத்துடன் இனிய பொழுதைக் கழிக்க." அதை டைப் செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் படக்காரப் பையன் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். "தண்ணி விழுதா? ஏலே, தண்ணி விழுதான்னு கேக்கேன்!"

இந்தப் பக்கத்தில் சீசன் நேரத்தில் குற்றாலத்தைப் பற்றி யாரும் வேறு எதையும் கேட்பதில்லை. ரூம் இருக்கா, சாப்பாடு எப்படி, கூட்டமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். என் எழிலையும் பொழுதையும் அழித்துவிட்டு, "தண்ணி விழுது" என்று மட்டும் அடித்தேன். வினையோடு சேர்த்து இரண்டே சொல். படம்கூட அன்று காலையில் லாட்ஜ் வாட்ச்மேன் ஐந்தருவியில் எடுத்து அனுப்பிய மங்கலான படம்தான். சாயங்காலத்துக்குள் லாட்ஜ் போன் ஓயவில்லை. ஜனங்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு அது பதிலாக இருந்தது, வேறொன்றுமில்லை. நான் புதிதாக எந்த ஆவலையும் கிளப்பவில்லை.

உடனே எனக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் இருமுறை அதே வரி என்று திட்டம் போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரியே, சனி காலை 6 மணிக்குப் போகும்படி நேரம் குறித்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். ராத்திரி மலையில் நல்ல மழை. விடிவதற்குள் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. எங்கள் பதிவு மட்டும் குறித்த நேரத்துக்குச் சமர்த்தாக ஏறி, "தண்ணி விழுது" என்றது. பொய் ஒன்றும் இல்லை. அவ்வளவு தண்ணி அந்தச் சீசனில் அதற்கு முன் விழுந்ததே கிடையாது. மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்த ஒருவர் கீழே எழுதினார்: "விழுது சார். தள்ளி நின்னு பார்த்தோம்." இப்போதெல்லாம் அருவி சம்பந்தப்பட்ட எதற்கும் முன்கூட்டி நேரம் குறிப்பதில்லை. வாட்ச்மேன் போன் செய்த பிறகுதான் ஏற்றுகிறேன். அதற்காகச் சீசன் முழுக்க ஐந்தரை மணிக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

பத்தமடைக்குப் போனது அதற்கு அடுத்த மாதம். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறினால் சேரன்மகாதேவிக்கு முன்னாலேயே வந்துவிடும் ஊர். அங்கே பாய் நெய்யும் அக்கா ஒருவருக்குக் கொஞ்ச நாளாகவே நாங்கள் பதிவு போட்டுக்கொண்டிருந்தோம். முதல் பதிவு "பாரம்பரியமிக்க, புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாய்" என்று தொடங்கியது. விழுந்தது 11 லைக். அதில் நாலு எங்கள் ஆபீஸ். அடுத்ததுதான் நான் மேலே சொன்ன, கிழித்து அந்தரத்தில் நின்ற பதிவு. மூன்றாவதையாவது நேரில் பார்த்து எழுதுவோம் என்று நானும் படக்காரப் பையனும் போனோம்.

தறி தரையோடு தரையாக இருந்தது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலை நெருக்கமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். நயமான பாய் என்றால் 100, 120, 140 என்று பாவு கூடிக்கொண்டே போகும் என்றார். அக்கா ஒரு கோரை இழையைக் குச்சி முனையில் கோத்து இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். இழையை நெருக்கும் அச்சை இழுத்து ஒரு தட்டு. மறுபடி அடுத்த இழை. பத்து நிமிஷம் பார்த்தேன், பாய் என் சுண்டு விரல் அகலத்துக்குக்கூட வளரவில்லை. அது கல்யாணப் பாய்; பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சாயக் கோரையில் வந்துகொண்டிருந்தன. நான் வழக்கம்போல ஊரின் பெருமை, எத்தனை தலைமுறை என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் மரியாதைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எதுவும் எழுதும்படி இல்லை.

நடுவில் அவருக்கு ஒரு போன். யாரோ பெயர் போட்ட பாய்க்கு அவசரப்படுத்துகிறார்கள் போல. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, கை வேலையை விடாமல் சொன்னார்:

"பேரை நாங்க எழுதறதில்லம்மா, நெய்யுறோம். நாளைக்கு வந்து மாத்துங்கன்னா எப்படி?"

பையன் என்னைப் பார்த்தான். நான் போனில் அடித்து முடித்திருந்தேன்.

அவர் வைத்ததும், என்ன மாற்றச் சொன்னார்கள் என்று கேட்டேன். மாப்பிள்ளை பெயரில் கடைசி எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போனதாம். அவர்கள் எழுதிக் கொடுத்த தாளிலேயே புள்ளி இல்லை. "ஒரு புள்ளிதான, வச்சிருங்கங்காங்க. புள்ளின்னா சும்மாவா தம்பி? அதுக்குத் தனியா இழை வரணும். மேல நெய்ஞ்சதையெல்லாம் அவுக்கணும்." கம்ப்யூட்டரும் புள்ளியைத் தனியாகத்தான் எண்ணுகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் சிரித்திருப்பாரோ என்னவோ. அச்சை இழுக்கிற மும்முரத்தில் இருந்தார், விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி அந்தப் பதிவு போனது. முதல் வரி, "பேரை நாங்க எழுதறதில்ல, நெய்யுறோம்." 'எழுதுவதில்லை, நெய்கிறோம்' என்று திருத்தலாமா என்று டிசைன் போடும் பெண் கேட்டாள். திருத்தினால் அது என் வரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். முன்பெல்லாம் ஒரு கடைக்குப் போனால் நான்தான் பேசுவேன், கேள்வி கேட்பேன், குறிப்பு எடுப்பேன். இப்போது அவர்கள் வாடிக்கையாளரோடு பேசும் நேரமாகப் பார்த்துப் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். ஜவுளிக்கடையில் இப்படி மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒன்றும் சிக்காமல், மேனேஜர் சந்தேகமாகப் பார்க்க, இரண்டு கைக்குட்டை வாங்கிக்கொண்டு திரும்பியதும் உண்டு. ரீல்ஸ் வந்தபிறகு முதல் வரியைப் பேசவே வேண்டியிருப்பதால் இந்த ஓர உட்காரல் இன்னும் உதவுகிறது.

ஆடி முடிகிற நேரம். ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் குவிந்திருந்தது. அக்கா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார், பின்னால் அச்சுச் சத்தம் தட்டுத் தட்டென்று கேட்டது. "தம்பி, ஆவணிக்கு இனிமே பேரு எடுக்கல. கை ரெண்டுதான இருக்கு. போட்டு விட்டுருங்க."

அப்படியே போட்டேன். "ஆவணிக்கு இனிமே பேரு எடுக்கல. கை ரெண்டுதான இருக்கு." அண்ணன் படித்துவிட்டு, "வேண்டாம்னு சொல்லதுக்கு எதுக்குடே ஒரு பதிவு, கொக்கி எங்க?" என்றார். பதில் சொல்வதற்குள் கீழே முதல் கேள்வி வந்து விழுந்தது.

"அப்ப தைக்கு எடுப்பீங்களா?"