லுணுகங்கவில் ஒளிந்திருக்கும் சாலை

இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் உள்ள லுணுகங்கவில் தொடங்குவது நல்லது. ஏரிக்கரை ரப்பர் தோட்டமாக இருந்த இந்த நிலத்தை அவர் 1948இல் வாங்கினார். அதன்பின் ஐம்பது வருஷம் இதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார்.

வீட்டு வாசலில் நின்றால் புல்தரை சரிந்து இறங்கி, எதிரே மேடாக ஏறுகிறது. கறுவா மேடு என்கிறார்கள். மேட்டின் மேலே மரத்தடியில் பெரிய சீன ஜாடி ஒன்று. அதற்கு அப்பால் ஏரி. அதையும் தாண்டி, வெகு தூரத்தில் ஒரு தாதுகோபம் (பௌத்த தூபி) வெள்ளையாகத் தெரிகிறது. ஏரி கண்ணில் படவேண்டும் என்பதற்காக மேட்டின் தலையைச் சீவித் தணித்திருக்கிறார் பாவா. ஜாடியை மட்டும் கைவிரலால் மறைத்துப் பார்த்தேன். மேடு எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்ற கணக்கே குழம்பிப்போகிறது. அந்த ஒரு ஜாடிதான் தூரத்தை அளந்து சொல்கிறது.

இந்தப் பச்சைக்கு நடுவே ஊர்ப் பொதுச்சாலை ஒன்று குறுக்கே ஓடுகிறது. வாசலிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மேட்டை நோக்கி நடந்து பக்கத்தில் போனால்தான் பள்ளத்துக்குள் சாலை இருப்பது புலப்படும். அரலியா (ஃபிராஞ்சிபானி) மரக்கிளைகள் தான் நினைத்த பக்கம் படரவேண்டும் என்று அவற்றில் பாரம் கட்டித் தொங்கவிட்டவராம். அவரிடம் சாலை எம்மாத்திரம்!

பாவா முதலில் வக்கீல். தோட்டத்தைத் திருத்தும்போதுதான் முறையாகக் கற்கவேண்டும் என்று தோன்றி, லண்டனில் கட்டடக்கலை படித்து 1957இல் தேறினார். அப்போது வயது 38.

ஐரோப்பிய நவீனக் கட்டடக்கலையின் வெள்ளைச் சுவரும் தட்டைக் கூரையும் இலங்கை மழைக்குத் தாங்கவில்லை. அதனால் பாவாவின் கட்டடங்களில் அலை அலையான சிமெண்ட் ஷீட்டை அடியில் விரித்து, அதன் மேல் அரைவட்ட நாட்டு ஓடுகளைப் பதித்தார்கள். ஒழுகாது, பார்க்கவும் பழைய ஓட்டுவீடு மாதிரியே இருக்கும். தாழ்வாரத்தில் நிமிர்ந்து பார்க்கும்போது எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகவே பட்டது. அவருடைய நீண்டகாலக் கூட்டாளியான பொறியாளர் கே. பூலோகசுந்தரம், தமிழர். பாவா பெயரைச் சொல்லும் இடத்தில் இவர் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கொழும்பில் 33ஆம் ஒழுங்கையில் அவர் வீடு இருக்கிறது. வரிசையாக நின்ற நாலு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கியது. கொழும்புக்குப் பக்கத்துக் கோட்டேயில் ஏரி நடுவே அவர் வடிவமைத்து 1982இல் திறந்த நாடாளுமன்றத்தைக் கரையிலிருந்து பார்த்தாலே அதன் செப்புக்கூரைகளின் அழகு தெரியும்.

தம்புள்ளைப் பக்கம் கந்தளம ஹோட்டல் 1994இல் முடிந்தது. சிகிரியாப் பாறைக்கு அருகிலேயே முதலில் இடம் காட்டினார்கள். பாவா அதை வேண்டாமென்று, கந்தளமக் குளத்தின் கரையில் ஒரு மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்தார். குளம் கெட்டுவிடும் என்று பிக்குகளும் ஊர்க்காரர்களும் எதிர்த்தார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். உள்ளே நுழைவதே குகைக்குள் போவதுபோல் இருக்கிறது. பாறையை ஒட்டித் திரும்பியதும் குளம் மொத்தமாக விரிகிறது, தொலைவில் சிகிரியா. கட்டடத்தின் மேல் கொடிகள் மண்டிக் கிடக்கின்றன. அப்படி மண்டவேண்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்.

லுணுகங்க, கந்தளம இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் லுணுகங்கவுக்குப் போங்கள். அங்கே தங்கவேண்டிய அவசியமில்லை, தோட்டத்தை மட்டும் சுற்றிப்பார்க்க டிக்கெட் உண்டு.