ஆனி மாதக் குளிரில் ஒட்டாகோ ஊர்ச்சாலைகள்

நியூசிலாந்தின் தென்தீவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி கோடையில்தான் வருவார்கள். ஏரிக்கரைகளில் கேரவன்கள் வரிசை கட்டி நிற்பதும் அப்போதுதான். நாங்கள் கிளம்பியது ஜூன் கடைசியில். ஊரில் ஆனி மாதம், இங்கே நடுக்குளிர். நான், மனைவி, தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அம்மா மூவரும், காரின் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து தெற்கே புறப்பட்டோம். தீவின் தெற்கே, உள்நாட்டுப் பகுதியான சென்ட்ரல் ஒட்டாகோவின் சின்னச் சாலைகளில், அவசரமே இல்லாமல் போய் வர வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

டெக்காப்போ ஏரியைப் பற்றி ஏற்கெனவே எழுதிக் குவித்துவிட்டார்கள், நான் தாண்டிப் போகிறேன். ஓமராமாவைக் கடந்தால் லிண்டிஸ் கணவாய், 971 மீட்டர் உயரம். இருபுறமும் மரமே இல்லாத மலைகள், உச்சியில் பனி, கீழே பழுப்புப் புல். இங்கே கேரவன் இழுக்கும் வண்டிக்குச் சட்டப்படி மணிக்கு 90 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். குளிர்காலத்தில் அந்த வேகத்தை நெருங்கவே கூடாது என்பது என் கருத்து. மலை நிழல் விழும் வளைவுகளில் தார் மேல் மெல்லிய பனிக்கட்டிப் படலம் இருக்கும். பிளாக் ஐஸ் என்பார்கள். பார்த்தால் ஈரச்சாலை மாதிரிதான் தெரியும், பிரேக்கைத் தொட்டால்தான் விஷயம் புரியும். நெடுஞ்சாலைகளில் ஈரம் அப்படி உறையாமலிருக்க ஒரு ரசாயனக் கரைசலைத் தெளிக்கிறார்கள். ஊர்ச்சாலையில் அதை நம்பி வண்டியை விட முடியாது. அதனால் காலை பத்து மணிக்கு முன்னால் நாங்கள் கிளம்பவே இல்லை, மாலை நான்குக்குள் எங்காவது நிறுத்திவிடுவோம். அந்த ஊர்கள் ஏறக்குறைய 45-ஆவது தென் அட்சரேகையில் இருக்கின்றன. சூரியன் வருவதே எட்டு மணிக்கு மேல், ஐந்துக்கெல்லாம் போய்விடும்.

ஒருநாளைக்கு ஆறு மணி நேரம்தான் சாலை என்று ஆனபிறகு, கொஞ்ச தூரமே போதும் என்றாகிவிடுகிறது. எதிரே வண்டியே இல்லை. எப்போதாவது ஒரு விவசாயியின் பிக்கப் வந்தால், அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் வைப்பார். நானும் தூக்குவேன். ஒருவழிப் பாலம் வந்தால் பலகையைப் பார்க்க வேண்டும்: நம் பக்க அம்பு சிறியதாகவும் சிவப்பாகவும் இருந்தால் எதிரில் வருபவருக்கு வழி விட வேண்டும். பின்னால் யாராவது வந்தால், அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி அனுப்பிவிடுவது இங்கே மரியாதை.

இந்தப் பயணத்தில் என் மனசுக்கு மிகவும் நெருங்கிய இடம் ஐடா பள்ளத்தாக்குதான். ஓஃபிர் என்ற குட்டி ஊரிலிருந்து அதற்குள் போனோம். 1880-இல் திறந்த டேனியல் ஓ'கானல் தொங்குபாலம் இங்கேதான் மனுஹெரிகியா ஆற்றின் மேல் நிற்கிறது. கேரவனை ஊரிலேயே நிறுத்திவிட்டு, பாலத்தில் நடந்தே போய் வந்தோம். 1995 ஜூலை 3-ஆம் தேதி ஓஃபிரில் மைனஸ் 21.6 டிகிரி பதிவானது. கொஞ்சம் கிழக்கே ரான்ஃபர்லியில் 1903-இல் பதிவான மைனஸ் 25.6 தான் நாட்டிலேயே மிகக் குறைந்தது. கடல் இங்கிருந்து அப்படியொன்றும் தூரமில்லை, ஆனால் சுற்றிலும் மலை. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் இறங்கி, வெளியேற வழியில்லாமல் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி நிற்கிறது. அதோடு மூடுபனியும் சேர்ந்தால் சில சமயம் நாள்கணக்கில் விலகாது. அந்தப் பனித்துளிகள் தொட்டதில் எல்லாம் ஒட்டி உறைகின்றன.

நாங்கள் போனபோது அப்படித்தான் இருந்தது. சாலையோரம் வண்டியை நிறுத்தி, வேலிக்கம்பியைக் கிட்டத்தில் பார்த்தேன். கம்பியின் ஒரே பக்கத்தில், காற்று வந்த திசையில் மட்டும், விரல் நீளத்துக்கு வெள்ளை ஊசிகள் அடுக்கடுக்காக நின்றன. முள்கம்பியின் முடிச்சுகளில் அவை இன்னும் நீளம். வில்லோ மரத்தின் கடைசிக் குச்சி வரை வெள்ளை. அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு ஊசியை ஒடித்தார், உள்ளங்கையில் வைத்ததும் கரைந்தது. "துருவின தேங்கா மாதிரி இருக்குடா" என்றார். வேலிக்கு அப்பால் ஆடுகள் டர்னிப் வயலில் மேய்ந்துகொண்டிருந்தன. குளிரில் புல் வளராது என்பதால் இங்கே கிழங்குப் பயிரை முன்பே விதைத்து வைத்து, மின்வேலியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மேயவிடுகிறார்கள். அன்றைய பங்கைத் தின்று முடித்த இடம் கருஞ்சேறு, வேலிக்கு அந்தப் பக்கம் பச்சை. நடுவில் கோடு கிழித்தது போல் ஆடுகள்.

அடுத்து ஓட்டுரேஹுவா. எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895-இல் தொடங்கிய பட்டறை இங்கே இருக்கிறது. வேலிக்கம்பியை இழுத்து முறுக்கேற்ற அவர் செய்த கருவி நாடு தாண்டியும் விற்றது. அவர் மனைவி ஹன்னா அந்தக் காலத்திலேயே சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய் ஆர்டர் பிடித்திருக்கிறார். நாங்கள் போன அன்று மூடியிருந்ததால் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. பக்கத்திலுள்ள ஐடாபர்ன் அணை நன்றாக உறையும் வருடங்களில், அதன் மேல் கர்லிங் போட்டி நடத்துவார்கள். பனித்தரையில் கனமான கிரானைட் கல்லைத் தள்ளி விளையாடும் ஸ்காட்லாந்து விளையாட்டு அது. நேஸ்பி என்ற அடுத்த ஊரில் அதற்கு உள்ளரங்கமே இருக்கிறது.

அப்புறம் கேரவனுக்குள் வாழ்க்கை. குளிரைக்கூடச் சமாளித்துவிடலாம், ஈரம்தான் பெரிய தொல்லை. மூன்று பேர் மூச்சுவிட்டு, ரசம் கொதித்து, சோறு வெந்தால் அந்த ஆவி எங்கே போகும்? காலையில் ஜன்னல் கண்ணாடிகளின் உள்பக்கமே உறைந்திருக்கும். சுவரையொட்டிய மெத்தையின் அடியில் கைவைத்தால் சில்லென்று நனைந்திருக்கும். எழுந்ததும் முதல் வேலை, ஜன்னல்களைத் துண்டால் துடைத்து, மெத்தையைத் தூக்கி நிறுத்துவது. சமைக்கும்போது மேல்திறப்பைக் கட்டாயம் திறந்து வைப்போம், தூங்கும்போதும் காற்றுத் துளைகளை மூட மாட்டோம். ஈரத்துக்காக மட்டுமல்ல, கேஸ் எரியும் இடத்தில் கார்பன் மோனாக்ஸைடு உயிருக்கே ஆபத்து. குளிர் உள்ளே வருகிறதே என்று யாரும் அந்தத் துளைகளைத் துணி வைத்து அடைத்துவிடாதீர்கள்.

கேஸிலும் ஒரு கணக்கு உண்டு. பியூட்டேன் பூஜ்ய டிகிரிக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். குளிர் நாட்டுப் பயணத்துக்குப் புரோப்பேன் அதிகமுள்ள சிலிண்டர்தான் சரி. லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும் என்பதால், மின் இணைப்புள்ள முகாம்களையே தேர்ந்தெடுத்தோம். தண்ணீர்க் குழாய்களை இரவில் வடித்துவிட்டு, கெட்டிலிலும் இரண்டு பாத்திரங்களிலும் தண்ணீர் பிடித்து வைப்பது அம்மாவின் பொறுப்பு. வாழ்நாளெல்லாம் குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்துப் பிடித்துவைத்துப் பழகியவர். அந்த வேலையை அவரைவிட ஒழுங்காக யாராலும் செய்ய முடியாது.

நேஸ்பியில் மூடுபனி விலகியது. விடிகாலை ஆறு மணிக்கு அம்மாவை எழுப்பி, இருக்கிற எல்லாக் கம்பளியையும் சுற்றி வெளியே கூட்டிவந்தேன். வடகிழக்கில், பைன் மரங்களுக்கு மேலே, கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு அது மட்டாரிகி. இந்தக் குளிர்காலத்தில் விடியலுக்கு முன் அது மறுபடி தெரிவதுதான் அவர்களுக்குப் புத்தாண்டு. 2022 முதல் அதற்குத் தேசிய விடுமுறை. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம கார்த்திகைதானா? தலைகீழால்ல இருக்கு" என்றார். தென் அரைக்கோளத்தில் அப்படித்தான் தெரியும் என்றேன். அதற்கப்புறம் இரண்டு டம்ளர் சுக்குக் காபி குடித்தும் நடுக்கம் நிற்கவில்லை, ஆனாலும் மறுநாளும் எழுப்பச் சொன்னார்.

நேஸ்பியிலிருந்து டான்சீஸ் கணவாய் வழியாக டன்ட்ரூனுக்கு இறங்க ஒரு மண்சாலை உண்டு. குறுகலான, வளைந்து வளைந்து ஏறும் சரளைப் பாதை. கேரவனுக்கு ஆகாது, பனி விழுந்தால் மூடியும் விடுவார்கள். நாங்கள் பிக்ரூட் என்ற நெடுஞ்சாலை வழியாகப் பால்மர்ஸ்டனுக்கு இறங்கி, கடலோரமாக வீடு திரும்பினோம். டான்சீஸைக் கோடையில், கேரவன் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அம்மா அதற்குள் தஞ்சாவூர் போயிருப்பார். அடுத்த ஆனிக்கு மறுபடி டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறார், நேஸ்பியில் இன்னும் இரண்டு இரவு கூட்டித் தங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.