விளக்கு குளிர்ந்த பின்

மண்டையோடு என்றால் சாவு, கடிகாரம் என்றால் காலம், சங்கு என்றால் செல்வம் என்று மனப்பாடம் செய்துகொண்டு, எதுவும் நிலைக்காது என்று நினைவூட்ட மேசைமேல் பொருட்களை அடுக்கி வரைந்த டச்சு வானிதாஸ் படங்களைப் பார்த்தால் பாதிதான் பிடிபடும். அங்கே எந்தப் பொருள் என்பதைவிட, அது என்ன நிலையில் கிடக்கிறது என்பதே முக்கியம். பீட்டர் கிளாஸ் 1628ல் வரைந்த சிறு பலகை ஓவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணாடிக் கோப்பை கவிழ்ந்து கிடக்கிறது, இறகுப் பேனா சும்மா இருக்கிறது, எண்ணெய் விளக்கின் திரி இப்போதுதான் ஓய்கிறது. யாரோ எழுந்து போய் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மண்டையோட்டை எடுத்துவிட்டாலும் படம் அதையேதான் சொல்லும்.

பெயர் வந்தது விவிலியத்தின் பிரசங்கி நூலிலிருந்து. லத்தீனில் ‘வானிதாஸ்’ என்று வரும் சொல் தமிழ் வேதாகமத்தில் ‘மாயை’ ஆனது. நமக்கு மாயை என்றதும் வேதாந்தம் நினைவுக்கு வந்துவிடும், அது இங்கே வழிதவற வைக்கும். எபிரேய மூலச்சொல்லுக்கு நீராவி, மூச்சு என்றுதான் பொருள். உலகம் பொய் என்பதல்ல பேச்சு, இருக்கிறது, ஆனால் நிற்காது. மாயையைவிட நம் ‘நிலையாமை’ நெருங்கி வரும். திரியிலிருந்து எழும் புகையை இவர்கள் விடாமல் வரைந்ததும் அதனால் பொருத்தமாகிறது. ஜாக் டி கெய்ன் 1603ல் மண்டையோட்டுக்கு மேலே ஒரு பெரிய குமிழியை மிதக்கவிட்டார். நீர்க்குமிழி வாழ்க்கை என்று கேட்டு வளர்ந்த நமக்கு அதற்கு உரை தேவையில்லை.

சங்கு மட்டும் கொஞ்சம் நம் ஊர்ப் பக்கம் வருகிறது. ஹார்மன் ஸ்டீன்வைக் 1640 வாக்கில் வரைந்த லண்டன் நேஷனல் கேலரி படத்தில் மண்டையோட்டோடு ஒரு ஜப்பானிய வாளும் பெரிய சங்கும் உண்டு. கீழைக்கடல் வணிகத்தில் வந்து சேர்ந்த பகட்டுப் பொருட்கள். 1658ல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்து 1781 வரை வைத்திருந்தது அந்த வணிகத்தை நடத்திய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிதான். அங்கே கட்டிய கோட்டைக்கு வைத்த பெயர் ‘ஐம்புலன்’. கேட்க வீணை, ருசிக்க மது, முகர மலர் என்று ஐம்புலன்களையும் மேசைமேல் அடுக்குவது அக்கால ஓவியர்களுக்குப் பிடித்த வேலை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ரெம்பிராண்டின் 1650ஆம் ஆண்டுச் சங்கு அச்சோவியம் இன்னும் வேடிக்கை. செப்புத் தகட்டில் கையெழுத்தை மறக்காமல் தலைகீழாகச் செதுக்கியவர், சங்கைக் கண்டபடியே செதுக்கிவிட்டார். அச்சில் கையெழுத்து நேராக வந்தது, சங்கின் புரி மாறிப்போனது. நம் பாஷையில் சொன்னால் இடம்புரி வலம்புரியாகிவிட்டது.

வரைய உட்காருபவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். கிளாஸின் பலகை சுமார் 24 × 36 சென்டிமீட்டர்தான், அதே அளவு போதும். ஒற்றை வெளிச்சம் கட்டாயம். பழைய ஓட்டு வீடானால் ரேழி நல்ல இடம். ஒரு பக்கத்திலிருந்துதான் வெளிச்சம் வரும். கூடத்தில் முற்றத்து வெளிச்சம் உச்சியிலிருந்து விழுந்து நிழலைச் சப்பையாக்கிவிடும். டியூப்லைட் எரிந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நிழல், படம் அங்கேயே செத்தது.

பொருட்கள் ஆறேழு தாண்ட வேண்டாம். சாய்ந்த பித்தளைச் சொம்பு, பழைய கணக்குப் பேரேடு, சங்கு, மேசை விளிம்பைத் தாண்டி நீளும் ஒரு கும்பகோணம் வெற்றிலை. காதறுந்த ஊசியும் வைக்கலாம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கதை தெரிந்தவர்களுக்கு அந்த ஒன்றே போதும். மண்டையோட்டுக்கு வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நார் உரித்த முற்றிய தேங்காயை மூன்று கண் தெரியத் திருப்பி வையுங்கள், அரையிருட்டில் அதுவே முறைக்கும். விளக்கு ‘அணைந்தது’ என்று சொல்லக்கூடக் கூசி ‘குளிர்ந்தது’ என்கிற வீடுகள் நம்முடையவை, ஆகையால் குத்துவிளக்கைத் தொடாதீர்கள், சிம்னி விளக்கு போதும்.

வெற்றிலையையும் பூவையும் முதலில் தனித்தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை மறுநாள் காலையில் பழுத்துவிடும். டச்சுக்காரர்களும் இப்படித்தான், வெவ்வேறு மாதங்களில் பூப்பவை அவர்கள் ஜாடியில் ஒன்றாக மலர்ந்திருப்பதன் ரகசியம் இந்தத் தனித்தாள்கள்.

நிறத்துக்கு எண்ணெய் வண்ணத்தில் வெள்ளை, மஞ்சள் காவி, இரண்டு அம்பர் (பழுப்பு மண் நிறங்கள்), கறுப்பு போதும். முதல் பூச்சு அம்பரில் மெல்லியதாக. அதில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். கறுப்பு மெதுவாகத்தான் காயும். அதைத் தடிப்பாக அடியில் பூசி மேலே சீக்கிரம் காயும் நிறத்தைப் போட்டால் வெடிப்பு விடும். மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெய் சற்றுக் கூடலாம், குறையக் கூடாது. எண்ணெய் தீர்ந்தது என்று தேங்காய் எண்ணெயைக் கலக்காதீர்கள், அது காயவே காயாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒவ்வொரு பூச்சுக்கும் கூடுதல் நாள் விடுங்கள்.

புகை கடைசி வேலை. பின்னணி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் தொட்டால் சேறாகும். தூரிகையைத் துணியில் துடைத்து, ஒட்டியிருக்கும் கொஞ்சம் சாம்பல் வெள்ளையால் திரியிலிருந்து மேல்நோக்கி ஒரே இழுப்பு. திரி நுனியில் கனல் வேண்டுமானால் குண்டூசித் தலையளவு சிவப்பு, அவ்வளவே.

சொம்பின் வயிற்றில் சன்னல் தெரியும். டச்சுப் படங்களைப் பார்த்த பழக்கத்தில் அங்கே சிலுவைச் சட்டத்தை வரைந்துவிடுகிறார்கள். உங்கள் சன்னலில் செங்குத்துக் கம்பிகள் இருந்தால் கம்பிகளை வரையுங்கள், சொம்பின் வளைவுக்கேற்ப இரு ஓரமும் வளைந்து.