மால்ஹம் சுற்று நடை: ஓடை, பாறை, ஆட்டு மந்தை

இங்கிலாந்தின் கிராமப்புறத்தை ஒரே நாளில் கால்நடையாகப் பார்க்க ஓர் ஊரைச் சொல்லச் சொன்னால், யார்க்‌ஷைர் டேல்ஸ் தேசியப் பூங்காவில் இருக்கும் மால்ஹம்மைத்தான் சொல்வேன். 2011 கணக்கெடுப்பில் இருநூற்றைம்பது பேரைக்கூடத் தொடாத ஊர். நடுவே ஓடை, அதன்மேல் பழைய கல்பாலங்கள், இரண்டு விடுதி-பப்கள். ஊரை விட்டு வெளியே வந்ததும் சுண்ணாம்புக்கல் மலையும், வயல்களைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் கல்சுவர்களும். இந்த நிலம் இன்றும் ஆட்டையும் மாட்டையும் நம்பிப் பிழைக்கும் நிலம். அதன் நடைமுறை தெரிந்து போகிறவருக்கும், படம் எடுக்க மட்டும் போகிறவருக்கும் கிடைக்கும் நாள் ஒன்றல்ல.

ரயிலில் வருவதானால் லீட்ஸிலிருந்து ஸ்கிப்டனுக்குச் சுமார் 40 நிமிடம். அங்கிருந்து மால்ஹம் 18 கிலோமீட்டர் அளவு. பேருந்து உண்டு, ஆனால் மிகக் குறைவு. கிழமையைப் பொறுத்தும் பருவத்தைப் பொறுத்தும் நேரம் மாறும். அதனால் போகும் பேருந்தை விட, திரும்பும் கடைசிப் பேருந்தை முதலில் பார்த்து வையுங்கள். ஓட்டுநரிடம் ‘மாலம்’ என்று சொன்னால் சட்டென்று புரியும். நல்ல கால் உள்ளவர்கள் கார்க்ரேவ் ரயில் நிலையத்தில் இறங்கி, பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதையில் வயல் வழியாகவே வந்துவிடலாம். பத்துப் பதினொரு கிலோமீட்டர் வரும்.

காரில் வருகிறவர்கள் ஊர் முகப்பில் தேசியப் பூங்கா மையத்தின் கட்டண நிறுத்துமிடத்தில் விடுவதுதான் முறை. சாலையோரப் புல்மேட்டில் நிறுத்தினால் டிராக்டர் திரும்ப இடமிருக்காது. ஊருக்கு வரும் சாலைகள் இருபுறமும் கல்சுவரோடு, பல இடங்களில் ஒரு வண்டி அகலம்தான். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் எடுக்க வேண்டும். அந்த ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்திவிட்டு நடக்கப் போகக் கூடாது. மேலே மேட்டு நிலத்தில் சாலைக்கு வேலியே இல்லாத இடங்கள் உண்டு. குட்டி ஒரு பக்கமும் தாய் ஆடு மறுபக்கமும் நின்றால் வேகத்தை முழுக்கக் குறையுங்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் குட்டி நிச்சயம் தாயை நோக்கிச் சாலையின் குறுக்கே ஓடும்.

உடுப்பைப் பற்றி இரண்டு சொல். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், லேசில் காயாது, குளிர் உள்ளே இறங்கும். குடையும் வேண்டாம், மேட்டுக் காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தலைமூடி வைத்த மழைக்கோட்டும், கணுக்காலைப் பிடிக்கும், அடியில் ஆழமாக வெட்டு உள்ள பூட்ஸும் போதும். வரைபடத்துக்கு, பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் (ஓஎஸ்) எக்ஸ்ப்ளோரர் ஓஎல்2 தாள். 1:25,000 அளவில் ஒவ்வொரு கல்சுவரும் அதில் கோடாக இருக்கும்; எந்த வயலில் நிற்கிறோம் என்று சுவரை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

ஊரைச் சுற்றும் புகழ்பெற்ற பாதை ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சிற்றருவி, கார்டேல் ஸ்கார் என்ற பாறை இடுக்கு, உச்சியில் பாறைத்தளம் உள்ள மால்ஹம் கோவ் என்ற வளைந்த பாறைச் சுவர் மூன்றையும் தொட்டு வரும். ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர், நின்று பார்த்து நடக்க நான்கு மணி நேரம். பெரும்பாலானோர் வந்ததும் நேரே கோவுக்குப் போகிறார்கள். ஆகவே நண்பகல் வரை அங்கே கூட்டம் நெரியும். கிழக்கே ஜேனட்ஸ் ஃபாஸில் தொடங்கி, கோவைக் கடைசிக்கு வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. காலையில் ஓடைக்கரை உங்களுக்கே உங்களுக்கு, பாறைத்தளத்துக்கு நீங்கள் வந்து சேரும்போது கூட்டமும் கலைந்திருக்கும்.

ஊர் நடுவில் ஓடையைச் சின்னப் பாலத்தில் கடந்து, வலப்பக்கம் திரும்பி, நீர் போகும் திசையிலேயே நடங்கள். ஜேனட்ஸ் ஃபாஸ் என்று கைகாட்டி வரும் இடத்தில் இடதுபுறம் பிரியுங்கள். மே மாதமானால் அந்த மரச்சோலைக்குள் நுழையும் முன்பே காட்டுப்பூண்டு வாசம் வந்துவிடும். தரையெல்லாம் வெள்ளைப் பூ. அருவி சிறியதுதான். அது விழும் பாறைமுகத்தை நன்றாகக் கவனியுங்கள். நீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு பாசியின்மேல் படிந்து படிந்து கட்டிய படலம் அது. தொட்டால் உதிரும், ஏற வேண்டாம். விழுந்து கிடக்கும் மரத்தண்டுகளில் ஆயிரக்கணக்கான காசுகளை அடித்து இறக்கியிருக்கிறார்கள். நீங்களும் ஒன்றைச் சேர்க்க வேண்டியதில்லை.

அங்கிருந்து சாலைக்கு ஏறி, வலப்பக்கம் சிறிது தூரம் போனால் கார்டேல் ஸ்காருக்கான வாயில். தட்டையான புல்வெளியில் ஓடையை ஒட்டிப் போகும் பாதை ஒரு வளைவில் திரும்பியதும், இரண்டு பக்கமும் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த பாறைச் சுவர்கள் தலைக்குமேல் சாய்ந்து நிற்கும். உள்ளே அருவி அடுக்கடுக்காக இறங்குகிறது. கீழ் அருவியை ஒட்டிய பாறையில் கையும் காலும் ஊன்றி ஏறி அந்தப் பக்கம் போகிறவர்கள் உண்டு. வரைபடத்திலும் அது பாதைதான். ஆனால் முந்தைய நாள் மழை பெய்திருந்தால் பிடிமானங்கள் நீருக்குள் போய்விடும். ஏறுவதை விட இறங்குவது கடினம் என்பதால், பாதியில் சிக்குகிறவர்களே அதிகம். குழந்தைகளோடு வந்தவர்கள் அருவியடி வரை பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புவது நல்லது.

சாலைக்கு வந்து, கார்டேல் பாலத்தருகே வயல் வழியாக மேலேறும் பாதையைப் பிடித்தால், மால்ஹம் ரேக்ஸ் என்ற சாலையைக் கடந்து கோவின் தலைமேல் வந்து சேர்வீர்கள். இங்கே ஒரு முடிவெடுக்க வேண்டும். மழையோ பனிக்கட்டியோ இருந்தால் மேலே போகாமல், ரேக்ஸ் சாலையிலேயே ஊருக்கு இறங்கிவிடுங்கள். காரணம் அடுத்து வரும் பாறைத்தளம்.

கோவின் உச்சியில் விரிந்து கிடக்கும் அந்தச் சுண்ணாம்புத் தளம், பனியாறு மேல்மண்ணை வழித்தெடுத்துப் போன பிறகு வெளிவந்தது. மழைநீர் பாறையின் விரிசல்களைக் கரைத்துக் கரைத்து ஆழப்படுத்தியது. மேலே நிற்கும் பாளங்களுக்கு கிளிண்ட் என்று பெயர், இடையிலுள்ள பிளவுகளுக்கு கிரைக். கிரைக்குகள் சில இடங்களில் முழங்கால் ஆழம், சில இடங்களில் ஓர் ஆள் இடுப்பளவு. குனிந்து உள்ளே பாருங்கள். மேலே ஆடு மொட்டையாக மேய்ந்த புல், உள்ளே காற்றும் ஆட்டு வாயும் எட்டாத நிழலில் மரச்சோலைச் செடிகள்: நாக்கு போன்ற பெரணி, புளிப்பு இலைச் செடி, டாக்ஸ் மெர்க்குரி. ஒரு காலத்துக் காட்டின் செடிகள் ஒரு முழ அகலத்துக்குள் உயிரோடு இருக்கின்றன.

லட்சக்கணக்கான பூட்ஸ்கள் தேய்த்ததில் பாளங்களின் முதுகு கண்ணாடிபோல் வழவழத்துவிட்டது. காய்ந்த நாளிலேயே வழுக்கும். பாளத்தின் நடுவில் முழுப் பாதத்தையும் வையுங்கள், ஓரத்தில் வைக்காதீர்கள். தாண்டிக் குதிக்காதீர்கள், அடுத்த அடி எங்கே என்று பார்த்துவிட்டே எடையை மாற்றுங்கள். போனைப் பார்த்துக்கொண்டு நடப்பதும், படத்துக்காகப் பின்னால் நகர்வதும் இங்கே கணுக்காலை முறிக்கும். நடைக் குச்சியும் பிளவில் மாட்டும். மடித்துப் பையில் வைத்துவிடலாம். சில நூறு மீட்டர் தூரம்தான், ஆனால் இருபது முப்பது நிமிடம் ஒதுக்குங்கள். முன்பக்க விளிம்புக்கு வேலி கிடையாது. ஒரு துண்டுக் கல்லைக்கூட எடுத்துப் போக வேண்டாம். 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, கிராமப்புறச் சட்டத்தில் இத்தகைய தளங்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது.

தளத்தின் மேற்குக் கோடியிலிருந்து சுமார் 400 கல்படிகள் கீழே இறங்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே சுற்றை எதிர்த்திசையில் நடக்கலாம். அவர்களுக்கு ஏறுவது இறங்குவதை விட எளிது. கீழே வந்து நிமிர்ந்தால் 80 மீட்டர் உயரத்துக்கு வளைந்து நிற்கும் வெண்பாறைச் சுவர். வசந்தத்திலிருந்து கோடை நடுவரை அதன் இடுக்குகளில் பெரெகிரின் வல்லூறுகள் கூடு கட்டும். அடிவாரத்தில் தொலைநோக்கி வைத்துக் காட்டுவார்கள். கேட்டால் பொறுமையாக விளக்குவார்கள்.

வழியெங்கும் கல்சுவர்கள் வருமே, அவற்றில் சாந்து கிடையாது. இரண்டு வரிசைக் கற்கள் மேலே போகப் போக உட்புறம் சாயும்படி அடுக்கி, நடுவில் பொடிக்கல்லை இறுக்கி, இடையிடையே இரு முகத்தையும் சேர்த்துக் கட்டும் நீளக்கல்லைக் குறுக்கே போட்டு, உச்சியில் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி எடை ஏற்றுகிறார்கள். அந்த உச்சிக்கல் ஒன்று விழுந்தால் கீழ் வரிசை தளர்கிறது, ஓரிரு குளிர்காலத்தில் அந்த இடம் சரிந்து ஆடுகள் அடுத்த வயலுக்குப் போய்விடும். தேர்ந்த கைக்கும் ஒரு நாளில் சில மீட்டர்தான் கட்ட முடியும். ஆகவே சுவரில் ஏறிக் கடப்பது பெரிய குற்றம்போல. கடப்பதற்கென்றே கல்படிகளும், ஓர் ஆள் மட்டும் நுழையும் இடுக்குகளும், ஊசல் வாயில்களும் வைத்திருக்கிறார்கள்.

வாயிலை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விட்டுச் செல்லுங்கள். திறந்து கட்டி வைத்திருந்தால் ஆட்டுக்குத் தண்ணீர் வழி அதுவாக இருக்கும், மூடக் கூடாது. மூடியிருந்தால் உங்களுக்குப் பின்னால் கொண்டி விழும் சத்தம் கேட்கும்வரை நில்லுங்கள். கொண்டி சிக்கித் திறக்கவே முடியாத வாயிலை ஏறிக் கடப்பதானால், கீல் இருக்கும் பக்கம் ஏறுங்கள். மறுபக்கம் ஏறினால் எடை தாங்காமல் வாயில் தொங்கிவிடும்.

மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்பு குதிரைக்கும் மிதிவண்டிக்கும் சேர்த்து. ஏகோர்ன் என்ற ஓக் மரக் காய்ச் சின்னம் தேசிய நெடும்பாதைக்கு. இந்த ஊர் வழியே போகும் பென்னைன் வே அப்படிப்பட்டது. 431 கிலோமீட்டர் நீளம். 1965 ஏப்ரல் 24 அன்று அதன் திறப்பு விழா நடந்ததும் இந்த மால்ஹம் மேட்டில்தான். மார்ச் முதல் தேதியிலிருந்து ஜூலை கடைசி வரை, திறந்த மேட்டு நிலத்தில் நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். தரையில் கூடு கட்டும் ஆள்காட்டியும் கர்லூவும்தான் காரணம்.

கன்றோடு நிற்கும் மாடுகளுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள்; வயலின் ஓரமாகச் சுற்றிப் போங்கள். நாயோடு இருக்கும்போது மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாடு நாயைத் துரத்தும், நாய் தப்பித்துக்கொள்ளும், நீங்களும் தப்பிப்பீர்கள். தனியாகக் கத்தும் குட்டியைத் தூக்க வேண்டாம், தாய் அருகில்தான் மேயும். குட்டியின் விலாவிலும் தாயின் விலாவிலும் ஒரே எண் சாயத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். எது யாருடையது என்று விவசாயிக்குத் தெரிவது அப்படித்தான்.

மல்லாந்து கிடந்து காலை உதைக்கும் ஆட்டைக் கண்டால் மட்டும் உதவுங்கள். சினை ஆடோ கம்பளி நனைந்த ஆடோ உருண்டு மல்லாந்தால் தானாக எழ முடியாது. வயிற்றில் வாயு சேர்ந்து சில மணி நேரத்தில் செத்துவிடும். நாயைத் தள்ளி நிறுத்துங்கள். பக்கத்தில் போய் கம்பளியை இரண்டு கையாலும் இறுகப் பற்றி ஒரு பக்கமாக உருட்டி எழுப்புங்கள். காலையோ கொம்பையோ இழுக்கக் கூடாது. எழுந்ததும் உடனே விட்டால் தள்ளாடி மறுபடி விழும். ஒரு நிமிடம் இருபுறமும் அணைத்துப் பிடித்திருந்து, கால் ஊன்றியதும் விடுங்கள். அருகில் பண்ணை இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம்.

ஊருக்குத் திரும்பியதும் பசிக்கும். பப்பில் கவுண்டருக்குப் போய், மேசை எண்ணைச் சொல்லி, பணம் கட்டிவிட்டு வந்து உட்காருவதுதான் பெரும்பாலும் வழக்கம். சமையலறை பிற்பகலில் மூடி மாலையில் திறக்கும் இடங்கள் கிராமப்புறத்தில் சகஜம் என்பதால் நேரத்தைக் காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சைவர்கள் கவனிக்க: யார்க்‌ஷைரில் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் பழக்கம் இன்னும் பரவலாக உண்டு, கிரேவியிலும் இறைச்சிச் சாறு இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டே வாங்குங்கள்.

பள்ளங்களில் போன் சிக்னல் கிடைக்காது. விபத்தென்றால் 999, முதலில் காவல்துறை, பிறகு மலைமீட்பு என்று கேட்க வேண்டும். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் இல்லை. ஓஎஸ் லொகேட் செயலியை முன்பே இறக்கி வைத்தால் நிற்கும் இடத்தின் வரைபடக் கட்ட எண்ணைச் சொல்லலாம். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது.

இரவு தங்க முடிந்தால் மறுநாள் மால்ஹம் டார்னுக்குப் போங்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 375 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏரி. அதிலிருந்து தெற்கே வழியும் ஓடை சில நூறு மீட்டரில் கற்களுக்கிடையே தரைக்குள் போய்விடும். பார்ப்பவர்கள் அதுதான் கோவின் அடியில் வெளிவருகிறது என்று நினைப்பார்கள். அந்த நீரின் பெரும்பகுதி கோவைத் தாண்டி, ஊருக்கும் தெற்கே ஏர் ஹெட் ஊற்றுகளில் எழுகிறது. கோவின் அடியில் வருவதில் பெரும்பங்கு வேறோர் இடத்தில் தரைக்குள் மறையும் நீர். 2015 டிசம்பர் 6 அன்று, டெஸ்மண்ட் புயல் மழையில் நிலத்தடி வழிகள் கொள்ளாமல், நினைவு தெரிந்து முதல் முறையாகக் கோவின் விளிம்பிலிருந்து அருவியே விழுந்தது. நீர் மறையும் இடத்திலிருந்து வாட்லோஸ் என்ற வறண்ட பள்ளத்தாக்கு வழியாகக் கோவின் உச்சிக்கு நடந்து வரலாம். அதன் தலைப்பில் இறங்கும் கற்படிகள் செங்குத்தானவை, தேய்ந்தவை. ஈரமாக இருந்தால் கையை ஊன்றி, பக்கவாட்டில் இறங்குங்கள்.