இரவில் லீவு எடுக்கிற குளிசை

நெஞ்சு இறுக்கத்துக்காக அப்பாவுக்குத் தந்தது ஐசோசோர்பைட் மோனோநைட்ரேட் 20 மில்லிகிராம், காலை 8 மணிக்கு ஒன்று, மத்தியானம் 2 மணிக்கு ஒன்று. "ரெண்டு நேரக் குளிசை எண்டால் பன்னிரண்டு மணித்தியாலம் இடைவெளி விடவேணும் பிள்ளை" என்று அவராகவே இரண்டாவதை இரவு 8 மணிக்கு மாற்றிவிட்டார். கொஞ்ச நாளில் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், ஏற்றம் இன்னும் தொடங்காத இடத்தில், கோட்டைக்குள் மான்கள் மேய்கிற இடத்திலேயே இறுக்கம் வந்துவிட்டது.

டொக்டர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. நைட்ரேட் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைக்கிறது, ஆனால் இரவு பகலாக உடம்பில் நின்றால் உடம்பு பழகிப்போய் மருந்து எடுபடாது, அதனால்தான் இரவில் வேண்டுமென்றே அதற்கு லீவு. டைனமைட் செய்வதும் இதே குடும்பத்து நைட்ரோகிளிசரினில்தான். அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்குத் திங்கட்கிழமை தலையிடி மண்டையைப் பிளக்குமாம், கிழமை போகப் போகக் குறையுமாம், ஞாயிறு வீட்டில் நின்றுவிட்டு வந்தால் திரும்பவும் முதலிலிருந்து. அப்பாவுக்கும் ஆரம்பத்தில் அந்தத் தலையிடி இருந்தது, பரசிற்றமோலோடு சமாளித்தார். (ஒரு நாளைக்கு ஒன்று போடுகிற நீண்டநேரக் குளிசைக்கு இந்த 8, 2 கணக்கு பொருந்தாது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இறுக்கம் வந்ததும் நாக்குக்குக் கீழே வைக்கிற குட்டிக் குளிசை வேறு. அன்று மான்களுக்கு நடுவில் நின்றபடியே அதை வைத்து, தலை சுற்றி, என் தோளில் சாய்ந்துவிட்டார். உட்கார்ந்துகொண்டுதான் வைக்கவேண்டும். 5 நிமிடத்தில் குறையாவிட்டால் இன்னொன்று, அதற்கும் இன்னொரு 5 நிமிடத்தில் அடங்காவிட்டால், அல்லது நோ கூடிக்கொண்டே போனால், ஓட்டோ தேடாமல் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடிக்கச் சொன்னார்கள். அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி வைத்திருந்தா, அதுவும் பிழை: மருந்து ஆவியாகிப் போய்விடும், வந்த கண்ணாடிப் போத்தலிலேயே இறுக்கி மூடி வைத்து, திறந்து 8 கிழமையில் எறிந்துவிடவேண்டும். இப்போது போத்தலில் திறந்த திகதியைப் பேனையால் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கடைசியில் டொக்டர் அம்மாவையும் என்னையும் வெளியே நிற்கச் சொன்னார். என்ன கேட்டார் என்று அப்பா வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தபோதுதான் விளங்கியது: வயாகரா, சியாலிஸ் மாதிரியான குளிசைகளை நைட்ரேட் எடுப்பவர்கள் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் உயிராபத்தாக விழும். பாவம் அப்பா, அன்று முழுக்கப் பேப்பருக்குள்ளேயே முகத்தை வைத்திருந்தார்.