11 மில்லி செக்கன்

கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதைப் பக்கம் ஜன்னல் திறக்கிற சின்ன அறைதான் என் ஸ்டூடியோ. வெளிநாடு போகப் புறப்பட்ட ஒரு பேண்ட்காரரிடம் பழைய அலெசிஸ் எஸ்.ஆர்.16 ட்ரம் மெஷின் வாங்கினேன், அடாப்டர் இல்லாமல். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டால், "ஒன்பது வோல்ட்தானே தம்பி, எதையும் குத்தலாம்" என்றார் கடைக்காரர். குத்தக் கூடாது. இதற்கு வேண்டியது 9 வோல்ட் ஏசி. கடையில் தொங்குபவை பெரும்பாலும் டிசி. அடாப்டரின் முதுகில் 'அவுட்புட்' வரியில் ஏசியைக் காட்டும் அலைக்குறி (~) இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மூன்று கடை ஏறி இறங்கினேன்.

முதல் நாள் சோம்பல். மெஷினில் வேகம் நிமிடத்துக்கு 118 தட்டு, கம்பியூட்டரில் பாட்டுப் பதியும் மென்பொருளான ரீப்பரிலும் 118 என்று வைத்து இரண்டையும் கையால் ஒன்றாக அழுத்தினேன். சரணம் வரை அருமை. மூன்றாவது நிமிடத்தில் நண்பன் கிட்டாரை நிறுத்திவிட்டு, "மச்சான், நான் பிந்துறனா, மெஷின் பிந்துதா?" என்றான். இரண்டுக்குள்ளும் தனித்தனி மணிக்கூடு. 0.05 சதவீதம் வித்தியாசம் இருந்தாலே மூன்று நிமிடத்தில் 90 மில்லி செக்கன் விலகிவிடும்.

சரி, ஒன்று சொல்ல மற்றது கேட்கட்டும் என்று யூஎஸ்பி மிடி வயர் ஒன்று வாங்கினேன். மிடி என்பது இசைக் கருவிகளும் கம்பியூட்டரும் ஒன்றோடொன்று பேசும் மொழி. மிடி கிளாக் என்பது ஒரு குவாட்டர் நோட்டுக்கு (சாதாரண நாலு தட்டுத் தாளத்தில் ஒரு தட்டு) 24 துடிப்பு, அவ்வளவுதான். வேகம் எத்தனை என்று அது சொல்லாது. துடிப்புகளின் இடைவெளியை வைத்து மெஷினே கண்டுபிடிக்க வேண்டும். ரீப்பரின் மிடி அமைப்பில் அந்த அவுட்புட்டை இயக்கி, கிளாக் அனுப்பு என்பதையும் டிக் செய்தேன். மெஷினில் கிளாக்கை உள்ளிருந்து மிடிக்கு மாற்றினேன். ஒரு மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. வயரில் 'இன்' என்று எழுதியிருந்த பிளக்கை மெஷினின் 'இன்' துளையில் செருகியிருந்தேன். அந்த எழுத்து கம்பியூட்டர் பக்கமிருந்து பேசுகிறது. அது போக வேண்டியது மெஷினின் 'அவுட்'டுக்கு. மாற்றிக் குத்தியதும் பிளே அழுத்த, மெஷின் தானாக ஓடியது.

ஆனாலும் ரீப்பரின் கிளிக்கோடு சேர்த்துக் கேட்டால் ஒவ்வொரு அடியும் 'தட்டப்' என்று இரட்டையாக விழுந்தது. இங்கேதான் பொறுமை வேண்டும். ரிம்ஷாட் என்ற ட்ரம் சத்தத்தை மட்டும் 64 பார் (தாளச் சுற்று) பதிந்து, அலையைப் பெருப்பித்துப் பார்த்தேன். முதல் பாரில் 11 மில்லி செக்கன் பிந்தல். கடைசிப் பாரிலும் அதே 11. எனக்கு நிம்மதி. பிந்தல் கூடிக்கொண்டே போனால் மெஷின் கிளாக்கைக் கேட்கவில்லை என்று அர்த்தம். மாறாமல் நின்றால் அது வெறும் தாமதம். 11 மில்லி செக்கனில் சத்தம் ஏறக்குறைய நாலு மீட்டர் போகும், ட்ரம்காரர் ஹோலின் மறுமூலையில் இருப்பதுபோல. பதிந்த ட்ராக்கை அவ்வளவு இடப்பக்கம் இழுத்துவிட்டேன், தீர்ந்தது.

சில அடிகள் மட்டும் இரண்டு மூன்று மில்லி செக்கன் அங்குமிங்கும் தாவின. அது மலிவு வயரின் வேலை. கம்பியூட்டருக்குள் சத்தம் ஏற்றும் பெட்டியான நண்பனின் ஒடியோ இன்டர்பேஸில் ஐந்து முள் மிடி துளை இருந்தது. அதை இரவல் வாங்கிப் போட்டதும் தாவல் வெகுவாகக் குறைந்தது. தொடக்கத் துடிப்புகள் எப்படியும் கொஞ்சம் தடுமாறுவதால் முன்னால் இரண்டு பார் வெறுமையாக விடுகிறேன்.

பிறகு ஒரு பைலா, நம்மூர் ஆட்டப் பாட்டு. 6/8 தாளம், பாருக்கு இரண்டு தட்டு. அந்தத் தட்டை 118 என்று நினைத்து வைத்தேன். செத்தவீட்டு மேளம்போல மந்தமாக ஓடியது. கிளாக் எண்ணுவது குவாட்டர் நோட்டை. பைலாவில் ஒரு தட்டு ஒன்றரை குவாட்டர், அதனால் 118 அல்ல, 177. மாற்றியதும் நண்பனின் கால் தானாக ஆடியது.

அந்தப் பதிவில் முன்னால் விட்ட இரண்டு வெறும் பாரிலும் கிட்டார் மைக் வழியாக ரயில் ஏறியிருக்கிறது. வெட்டாமல் வைத்திருக்கிறேன்.