ஒகுட்டா ஏரிக்கரையிலிருந்து வந்த பதிப்பாளர்

லண்டனின் ஹைனமன் பதிப்பகம் 1966-இல் தன் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையின் 26-ஆம் நூலாக ‘எஃபுரு’வை வெளியிட்டதிலிருந்து, அதை எழுதிய ஃப்ளோரா நுவாபாவை நைஜீரியாவின் முதல் பெண் நாவலாசிரியர் என்று சொல்லும் வழக்கம் தொடர்கிறது. அந்தப் பட்டம் பொருத்தமானதுதான்; ஆனால் அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் அவருடைய பாதி வாழ்க்கையைத்தான் அறிகிறார்கள்.

நுவாபா 1931-இல் தென்கிழக்கு நைஜீரியாவின் ஒகுட்டாவில், இக்போ இனக் குடும்பத்தில் பிறந்தார். ஏரிக்கரை ஊரான அங்கு வணிகத்தில் பெண்களின் கை ஓங்கியிருந்தது. ஏரிக்கு உஹாமிரி என்ற பெண் தெய்வம் உண்டு. தன்னை வழிபடுபவர்களுக்கு அழகையும் செல்வத்தையும் வாரி வழங்கும் அவள், பிள்ளை வரம் தருவதில்லை. இபாதானிலும் எடின்பரோவிலும் படித்து, ஆசிரியராகவும் பல்கலைக்கழக நிர்வாகியாகவும் பணிபுரிந்த நுவாபா, முதல் நாவலுக்கு இந்த நம்பிக்கையையே அடித்தளமாக்கினார்.

கதாநாயகி எஃபுரு, வயல்வேலை தனக்கு ஒத்துவராது என்று கணவனிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வியாபாரத்தில் இறங்குகிறாள். கணவன் விட்டுப்போகிறான், ஒரே மகளும் இறந்துபோகிறாள், பிறகு உஹாமிரி அவளைத் தன் அடியவளாகத் தேர்ந்தெடுக்கிறாள். நான்கு நாள் கொண்ட இக்போ வாரத்தில் ஓரியே நாளன்று அவள் ஏரியில் மீன் பிடிக்கக் கூடாது, பெருவள்ளிக்கிழங்கு உண்ணக் கூடாது. இவ்வளவும் பெரும்பாலும் பெண்களின் பேச்சாகவே நமக்கு வந்து சேர்கிறது. யார் கடனைத் திருப்பித் தரவில்லை, யாருக்கு இன்னும் குழந்தை இல்லை என்று முற்றத்துக்கு முற்றம் நகரும் அந்தப் பேச்சை அக்கால விமர்சகர்கள் சிலர் வெறும் வம்பளப்பு என்று ஒதுக்கினார்கள். ஓர் ஊர் ஒரு பெண்ணை எடைபோடும் தராசே அந்த வம்பளப்புதான் என்பது அவர்களுக்குப் புலப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

கையெழுத்துப் பிரதியை முதலில் படித்து ஊக்குவித்தவர் நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபெ. லண்டனுக்கு அனுப்பும் தபால் செலவுக்கென்று ஒரு கினிப் பணமும் கொடுத்தாராம். நாவல் வந்த மறு ஆண்டே நைஜீரியாவின் உள்நாட்டுப் போரான பியாஃப்ரா போர் மூண்டது. 1970-இல் போர் முடிந்ததும் நுவாபா கிழக்கு மத்திய மாநில அரசில் அமைச்சராகி, போரில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு இல்லம் தேடித் தரும் பணியில் ஈடுபட்டார்.

எழுபதுகளில் அவர் தொடங்கிய டானா பிரஸ் என்ற பதிப்பகம்தான் என்னை மிகவும் கவர்கிறது. ஹைனமன் தன் நூல்களை விநியோகித்த விதத்தில் அவருக்கு மனக்குறை இருந்தது. ஆகவே பெண்களுக்கான புனைகதைகளையும், ஏரித் தெய்வத்தின் கதை உள்ளிட்ட சிறுவர் நூல்களையும் தாமே பதிப்பித்து விற்கலானார். கணவனை விட்டு லாகோஸ் சென்று ஒப்பந்ததாரராகும் பெண்ணின் கதையான ‘ஒன் இஸ் இனஃப்’ 1981-இல் இப்படித்தான் வெளிவந்தது. சரக்கைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பது ஒகுட்டாப் பெண்களின் வழக்கமல்லவே.

‘எஃபுரு’வின் கடைசி வரிகள், தாய்மையின் இன்பத்தை ஒருபோதும் அறியாத உஹாமிரியைப் பெண்கள் ஏன் வணங்கினார்கள் என்று கேட்கின்றன. நைஜீரிய எழுத்தாளர் புச்சி எமச்செட்டா 1979-இல் தம் நாவலுக்கு ‘தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்’ (தாய்மையின் இன்பங்கள்) என்ற தலைப்பை அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்.